முதல் செமஸ்டர், முதல் தாள்

அவர் வேலையை விட்டுப் போன அன்று கல்லூரிச் செயலாளர் தம் நாற்காலியிலிருந்து எழுந்து, அறையைத் தாண்டி, படிக்கட்டு வரை வந்து வழியனுப்பினார். நான் எதிர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். செயலாளர் இரு கைகளையும் கூப்பி, "போயிட்டு வாங்க சார். இது உங்க காலேஜுங்க. எப்ப வேணாலும் வரலாமுங்க" என்றார். சாரும் கைகூப்பினார். பார்த்தவர்களுக்கு, பெரிய மனிதர் ஒருவர் தமக்குச் சமமான இன்னொருவரை அனுப்பிவைக்கிற காட்சியாகத்தான் தோன்றியிருக்கும். எங்கள் பக்கத்துப் பேச்சின் மரியாதையை வெளியூர்க்காரர்கள் புகழும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிக்கட்டு நினைவுக்கு வருகிறது. அந்தக் கல்லூரியில் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடிந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பேச்சில் 'ங்க' மட்டும் ஒரு நாளும் குறைந்ததில்லை.

சார் என்றுதான் நான் அவரைக் கூப்பிட்டேன். இப்போதும் வேறு விதமாக எழுத வரவில்லை. கணிதத்தில் முதுகலை முடித்து, மாலை வகுப்பில் படித்துக் கம்ப்யூட்டர் பட்டயம் வாங்கியவர். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் கல்லூரிக்குக் கல்லூரி கம்ப்யூட்டர் துறை தொடங்கியபோது பாடம் நடத்த ஆள் கிடைக்கவில்லை. கணிதத்திலிருந்தும் இயற்பியலிலிருந்தும் ஆசிரியர்களை இழுத்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர் அவர். அவருக்கு அடுத்த ஆண்டு நான் சேர்ந்தேன். என்னைவிட வயதில் கொஞ்சம்தான் மூத்தவர். அவர் ஊர் பல்லடத்துக்குத் தெற்கே. என் அப்பாவுக்கு வெள்ளகோவில் பக்கம் தோட்டம்.

தோட்டம் என்று எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வேலையில் சேர்ந்த அன்று செயலாளர், "எந்தத் தோட்டமுங்க அம்மணி?" என்று கேட்டார். சொன்னேன். என் பெரியப்பாவைத் தெரியும் என்றார். காபி வந்தது. சார் சேர்ந்த அன்றும் அவரிடம் இதே கேள்விதான் கேட்கப்பட்டிருக்கிறது. "தோட்டமெல்லாம் இல்லீங்க. ஊருக்கு மேக்கால காலனிங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். "சரீங்க, சரீங்க. நல்லா இருக்கட்டும்" என்றாராம் செயலாளர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் தோட்டம் காடுகளில் கூலிக்குப் போன குடும்பம் அவருடையது. தாத்தா காலத்தில் கிறிஸ்தவர்களானவர்கள். இதையெல்லாம் அவர் முறையிடுகிற குரலில் சொன்னதே இல்லை. ஒருமுறை வேறு ஏதோ பேச்சின் நடுவே, "அந்தக் கேள்விக்கு அப்புறம் காபி வருதா வரலையான்னு பாத்தாப் போதுமுங்க மேடம், மிச்சம் எல்லாம் தெரிஞ்சு போயிரும்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குக் காபி வந்திருந்தது.

அப்போது எங்கள் பி.எஸ்சி. முதலாண்டுக்கு இருந்த அறிமுகத் தாள் இப்படி இருக்கும்: கம்ப்யூட்டரின் தலைமுறைகளை விவரிக்க. உள்ளீட்டுக் கருவிகள் யாவை? வெற்றிடக் குழாய் பற்றிச் சிறுகுறிப்பு வரைக. வெற்றிடக் குழாயை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரையாவது பிள்ளைகள் பார்த்தார்களா என்றால் அதுவும் அபூர்வம். லேப் எப்போதும் பூட்டியிருக்கும். குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பச்சைத் திரை, செருப்பை வெளியே விட வேண்டும். முதலாண்டுக்காரர்களை உள்ளே விட்டால் தூசி வரும், வைரஸ் வரும் என்றார்கள். வைரஸ் பிள்ளைகளின் மூச்சுக்காற்றில் வருவது என்று அலுவலகத்தில் சிலர் உண்மையாகவே நம்பினார்கள். பிள்ளைகள் தலைமுறைகளை மனப்பாடம் செய்து எழுதித் தேறினார்கள். இரண்டாம் ஆண்டில் புரோகிராம் எழுதச் சொன்னதும் பாதி வகுப்பு திக்குமுக்காடும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் பலர் அந்த இடத்தில் படிப்பையே விட்டுவிட்டுப் போவார்கள். தலையில் ஏறவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். அவர்களும் அதை நம்பிக்கொண்டு போனார்கள்.

கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்த ஆண்டு, பாடத்திட்டங்களைத் துறைகளே வகுத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. எங்கள் துறைத் தலைவர் ஓய்வுபெறும் வயதிலிருந்த இயற்பியல்காரர், நல்ல மனிதர், எதிலும் பட்டுக்கொள்ளாதவர். "நீங்க ரெண்டு பேரும் பாத்து ஏதாச்சும் பண்ணிப்போடுங்க" என்று எங்களிடம் விட்டுவிட்டார். கல்லூரிக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. வகுப்பு முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து, தேங்காய் பன்னும் டீயும் வாங்கி வைத்துக்கொண்டு பேசுவோம். நான் வெளியூர்ப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களை வரவழைத்து வைத்திருந்தேன். அவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். "இதுல இருக்கறது எல்லாம் சரிதானுங்க மேடம். ஆனா நம்ம கிளாசுல யாரு உக்காந்திருக்காங்க? அத மொதல்ல பேசலாமுங்க" என்றார்.

நகரத்துப் பிள்ளைகள் சிலர் பள்ளியிலேயே கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள். ஒன்றிரண்டு பேர் வீட்டிலேயே அது இருந்தது. மற்றவர்கள் பல்லடம், சென்னிமலை, காங்கேயம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். முதல் நாளே இயந்திரத்தின் முன்னால் உட்காரவைத்தால், தொட்டுப் பழகியவன் முன்னால் போய்விடுவான். மற்றவன் தனக்கு மூளை இல்லை என்று முடிவுகட்டிக்கொள்வான். "எல்லாருக்கும் ஒரே மாதிரி புதுசா இருக்கற எடத்துல ஆரம்பிக்கோணுமுங்க" என்றார் சார். அதனால் எங்கள் தாளின் முதல் பகுதியில் கம்ப்யூட்டரே இல்லை. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று, எதுவும் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல் எழுதுவதுதான் பாடம். தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம், இரண்டும் கலந்தும் எழுதலாம். எழுதியதை அடுத்தவர் வாங்கிக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில்தான் லேப் கதவு திறக்கும்; அப்போது அவர்கள் கையில் ஏற்கெனவே தாங்களே எழுதிய வழிமுறை ஒன்று இருக்கும்.

பயிற்சிகளை ஒவ்வொன்றாக யோசித்தோம். ஒன்று நான் சொன்னது: காந்திபுரம் பஸ் நிலையத்திலிருந்து தங்கள் வீட்டுக்கு வழி எழுதச் சொல்லலாம், 'நம்ம ஊரு பஸ்ஸப் புடிச்சு நம்ம ஊட்டுகிட்ட எறங்குங்க' என்றுதான் முதலில் எழுதுவார்கள், அதில் என்னென்ன விடுபட்டிருக்கிறது என்று வகுப்பே பேசும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சார் டீயை ஆற்றிக் கீழே வைத்தார். பிறகு, "வேண்டாமுங்க மேடம். ஊட்டுக்கு வழி எழுதுனா யாரு எங்க குடியிருக்கறாங்கன்னு வகுப்புக்கே தெரிஞ்சு போயிருமுங்க. நான் படிக்கையில இப்பிடி ஒண்ணு எழுதச் சொல்லியிருந்தா, நான் பொய்யிதான் எழுதியிருப்பேன். பொய்யி எழுத வெக்கற பாடம் நமக்கு எதுக்குங்க?" என்றார். பஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு வழி என்று அதை மாற்றினோம். ஒரு பாடத்திட்டத்தை எப்படி வகுக்க வேண்டும் என்று பிற்காலத்தில் எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த மேசையில் நடந்த அளவுக்கு யாரும் ஒரு மாணவனின் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்ததை நான் எங்கும் காணவில்லை.

பாடம் நன்றாக நடந்தது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பழைய தேர்வுத்தாள்களின் கட்டு ஒன்றைக் கலைத்துக் கொடுத்து, பதிவெண் வரிசையில் அடுக்கச் சொல்வது ஒரு பயிற்சி. ஒவ்வொரு குழுவும் தன் முறையை எழுதித் தர வேண்டும். அடுத்த குழு அதை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல், அடுக்கிக் காட்ட வேண்டும். வகுப்பு சந்தைக்கடை போல இரைந்தது. பல்லடத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் கோழிப்பண்ணையில் வேலை செய்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள், அன்று எழுந்து, நகரத்துப் பையன்கள் எழுதிக்கொடுத்த முறையைக் கையில் பிடித்துக்கொண்டு, "சார், ஒரே நம்பர்ல ரெண்டு பேப்பர் இருந்துச்சுன்னா இது நிக்கவே நிக்காதுங்களே. மாத்தி மாத்தி வெச்சுட்டே இருக்கோணுமுங்க" என்றாள். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். "சரி கண்ணு, எப்பிடி நிறுத்தலாம்? இங்க வந்து எழுது" என்றார். அவள் வந்து தமிழில் எழுதினாள். எழுதி முடித்தபோது நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். அப்படி மலர்ந்த முகத்தை அதற்கப்புறம் அந்தக் கல்லூரியில் நான் பார்க்கவில்லை.

முதல் உள்தேர்வில் அவள்தான் வகுப்பில் முதலாவதாக வந்தாள். அறங்காவலர் ஒருவரின் மகன் தேறவில்லை. அறங்காவலருக்குச் சொந்தமாக மில் இருந்தது. மறு வாரமே முதல்வர் அறையில் கூட்டம். செயலாளர், அறங்காவலர், முதல்வர், எங்கள் துறைத் தலைவர், சார், நான். எல்லோருக்கும் காபி கொடுத்தார்கள். அன்று சாருக்கும் வந்தது. அறங்காவலர் கோபமாகப் பேசவில்லை. "பையன் ஊட்டுலயே கம்ப்யூட்டர் வெச்சிருக்கானுங்க சார். அவன் பெயிலாகறான்னா பாடத்துலதான் ஏதோ கோளாறுங்க" என்றார். சார், "அவரு நல்லா டைப் பண்றாருங்க. நான் கேட்டது வேறங்க" என்றார். "தமிழ்ல எல்லாம் எழுத விட்டா ஸ்டாண்டர்ட் என்னுங்க ஆகறது? நாளைக்கு வெளிநாடு போற புள்ளைங்க" என்றார் செயலாளர். நான் குறுக்கிட்டு, தமிழில் எழுதியவர்களின் விடைகளை நீங்களே வாசித்துப் பாருங்கள், இங்கேயே கொண்டுவந்திருக்கிறேன் என்று விடைத்தாள் கட்டை மேசைமேல் வைத்தேன். செயலாளர் அதைத் தொடாமல் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "அம்மணி, உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். என் கஷ்டத்தைப் பற்றி அங்கே யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

அந்தத் தேர்வை எல்லோருக்குமே ரத்து செய்வது என்று முடிவாயிற்று. வகுப்பில் அதைச் சொல்ல வேண்டியவர் சார்தான். நானும் கூடப் போனேன். வினாத்தாளில் சில மாற்றங்கள் தேவைப்படுவதால் மறுபடி தேர்வு நடக்கும் என்று பொதுவாகச் சொன்னார். அறங்காவலரின் மகன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பல்லடத்துப் பெண் எழுந்து நின்றாள். "என்னுது தப்புங்களா சார்?" என்று கேட்டாள். "உன்னுதுல ஒரு தப்பும் இல்ல கண்ணு" என்றார் சார். "பின்ன எதுக்குங்க மறுபடியும் எழுதோணும்?" சார் திரும்பி, மறு தேர்வின் தேதியைக் கரும்பலகையில் எழுதினார். மறு தேர்வில் பாதிக் கேள்விகள் தலைமுறைகளைப் பற்றியவை. அதிலும் அவள் தேறினாள். ஆனால் அந்தப் பருவம் முடியும்வரை அவள் மறுபடி எழுந்து கேள்வி கேட்கவில்லை.

இதோடு பாடத்தைக் கைவிட்டிருந்தால்கூட எனக்கு இத்தனை கசப்பு இருந்திருக்காது. அடுத்த ஆண்டு கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வந்தது. குழுவிலிருந்த பேராசிரியர் ஒருவர் எங்கள் முதலாண்டுத் தாளை எடுத்து வாசித்துவிட்டு, இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் தான் பார்த்தவற்றிலேயே இதுதான் யோசித்து எழுதியது என்று சொன்னார். யார் எழுதியது என்று கேட்டார். முதல்வர், "எங்க துறையோட கூட்டு முயற்சிங்க" என்றார். சார் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கம் கையைக் காட்டி, சார்தான் என்று சொன்னேன். அதற்குள் குழு அடுத்த அறைக்கு நகர்ந்திருந்தது. அன்றுதான் நிர்வாகத்துக்கு அந்தத் தாள் மதிப்புள்ள ஒரு பொருள் என்று தெரிந்தது. மதிப்பு தெரிந்த பிறகு அதை அவரிடம் விட்டுவைப்பார்களா?

துறைத் தலைவர் ஓய்வுபெற்றார். அடுத்த இடம் முறைப்படி சாருக்கு. செயலாளரின் உறவுக்காரர் ஒருவர் வெளிநாட்டில் முதுகலை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார், அவரை நியமித்தார்கள். அவரும் நாகரிகமான மனிதர். சாரை "அண்ணா" என்று கூப்பிட்டார். "அடித்தளம் பூரா நீங்க போட்டதுதானுங்க அண்ணா. நான் கொஞ்சம் பாலிஷ் மட்டும் பண்ணிக்கறனுங்க" என்றார். பாலிஷ் முடிந்தபோது தாளின் முதல் பகுதியில் தலைமுறைகள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. எங்கள் பயிற்சிகள் கடைசிப் பகுதிக்குப் போயிருந்தன. விடை ஆங்கிலத்தில் மட்டும். சில மாதங்களில் அந்தத் தாளுக்கு ஒரு கைடும் வந்தது. அட்டையில் புதிய தலைவரின் பெயர். முன்னுரையில் செயலாளருக்கும் முதல்வருக்கும் மனைவிக்கும் டைப் அடித்தவருக்கும் நன்றி சொல்லியிருந்தார். எங்கள் இருவர் பெயரும் இல்லை. என் பெயர் இல்லாதது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஆசிரியர் அறையில் சார் அந்தக் கைடைப் புரட்டினார். பஸ் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு வழி எழுதும் பயிற்சி அதில் இருந்தது, மாதிரி விடையோடு. எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்றும் பிரித்துப் போட்டிருந்தது. சார் அதை இரண்டு முறை வாசித்தார். "கேள்வி நம்முளுது மேடம். பதிலு ஒண்ணே ஒண்ணுதான் சரின்னு போட்டாச்சு. இனிமே புள்ளைங்க வேற ரோட்டுல வந்தா காலேஜுக்கு வந்து சேர மாட்டாங்களாட்ட இருக்குது" என்றார். பிறகு கைடை மூடி, அதைக் கொண்டுவந்திருந்த ஆசிரியரிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நான் செயலாளரைப் பார்க்கப் போனேன். உட்காரவைத்தார், நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தலைவர் பதவியும் போய், எழுதிய பாடமும் போனால் சார் எதற்காக இங்கே இருக்க வேண்டும் என்று கேட்டேன். "அம்மணி, நீங்க நம்மூட்டுப் புள்ள. உங்களுக்கு ஒரு கொறையும் வராம நான் பாத்துக்கறனுங்க" என்றார். நான் சாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று மறுபடி சொன்னேன். "அவருக்கு என்னுங்க, நல்ல மனுசன். பொழச்சுக்குவாருங்க" என்றார். அந்த வாக்கியத்துக்கு மேல் அந்த அறையில் எதுவும் நகராது என்று எனக்குப் புரிந்தது.

சார் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்தார். கப்பலில் அனுப்பும் சரக்குகளுக்கான ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் தயாரிக்கும் பிரிவு. மறுபடி அவர் பாடம் நடத்தப் போகவில்லை. எனக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஆனால் இருந்தேன், ஓய்வுபெறும்வரை. கைடில் இருப்பதைப் பிள்ளைகள் எழுதினார்கள், நான் திருத்தினேன். புதிய தலைவர் படிப்படியாக உயர்ந்து பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் இடம்பிடித்தார். எங்கள் தாள், அவருடைய தாளாக, மற்றக் கல்லூரிகளுக்கும் போயிற்று.

வருடங்கள் கழித்துப் பல்லடத்துப் பெண் பெற்றோருக்காக ஊரில் ஒரு வீடு கட்டிப் புதுமனை புகுவிழாவுக்கு எங்கள் இருவரையும் அழைத்தாள். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருந்தாள். அவளைக் காட்டி, அந்தப் பாடம் வீண்போகவில்லை என்று சிலர் எனக்கு ஆறுதல் சொல்வதுண்டு. அவள் புத்திசாலி, எந்தப் பாடமாக இருந்தாலும் கரையேறியிருப்பாள். அந்தத் தாள் அவளுக்காக எழுதப்பட்டதல்ல. பாதியில் எழுந்து போனவர்களுக்காக எழுதப்பட்டது. அவர்களை விழாவுக்கு யாரும் அழைக்கவில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது.

பந்தலில் சாரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. மகள் திருப்பூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறாள் என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாங்க மேடம், அதே தாளுதான்" என்றார். முதல் தேர்வில் அவள் கைடைப் பார்க்காமல், சொந்தமாக யோசித்து ஒரு வழிமுறை எழுதியிருக்கிறாள். "நான் பாத்தனுங்க. கைடுல இருக்கறதக் காட்டியும் நல்லா இருந்துச்சுங்க. மார்க்கு போடல."

"அவகிட்ட என்ன சொன்னீங்க சார்?"

"புக்குல இருக்கறத அப்பிடியே மனப்பாடம் பண்ணி எழுதிப்போட்டு வா கண்ணுன்னு சொன்னனுங்க."

"அது நீங்க எழுதுனதுன்னு சொல்லலீங்களா?"

"சொன்னா அவ போயிச் சண்டை புடிப்பாளுங்க மேடம். இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல அங்க படிக்கோணும்."

அதற்குள் அவர் மகளே வந்துவிட்டாள். சாரைப் போலவே நெடுநெடுவென்று இருந்தாள். நானும் அவரும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தவர்கள் என்று சார் அறிமுகம் செய்தார். அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அங்க நீங்க என்னப்பா நடத்துனீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"கணக்கு கண்ணு" என்றார் சார்.

"கணக்கு பரவால்லீங்க ஆன்ட்டி, அதுலயாச்சும் யோசிக்கலாமுங்க. எங்களுது வெறும் மனப்பாடம். யாரு உக்காந்து எழுதுன சிலபஸோ தெரியல" என்று என்னிடம் சொன்னாள்.

சார் பந்தலின் மறுபக்கம் பார்த்தார். "எலை போட்டுட்டாங்களாட்ட இருக்குது. வாங்க மேடம், சாப்புடலாமுங்க" என்றார்.